டாக்மாரின் கையை யார் யாரிடம் கொடுத்தது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கோலஸ் சாகும் தறுவாயில், தனக்கு நிச்சயமான டென்மார்க் இளவரசி டாக்மாரின் கையை எடுத்துத் தம்பி அலெக்சாண்டரின் கையில் கொடுத்து, இவளை நீ கட்டிக்கொள் என்று சொன்னாராமே, அது உண்மையா? அந்தத் தம்பிக்கும் டாக்மாருக்கும் பிறந்த மூத்த பையனுக்கு நிக்கோலஸ் என்று பெயர் வைத்தது செத்துப்போன அண்ணன் நினைவாகத்தானா? கேட்டது இந்த இரண்டும்தான். ஆனால் நீங்கள் எழுதியிருந்த விதத்தைப் பார்த்தால் மூன்றாவதாக ஒன்றும் உள்ளே இருக்கிறது: அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? நிஜமான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். கல்லூரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் பாடமாக நடத்தியவன் நான். இந்தக் கதையை மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு வடிவத்தில் கொண்டுவருவார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், மரணப்படுக்கைக் காட்சிக்கு அடிப்படை உண்டு. ஆனால் நீங்கள் படித்த அளவுக்கு அது சுத்தமான நாடகம் அல்ல. பெண்ணைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். இந்தக் கல்யாணத்துக்கு இழுத்துவரப்பட்டது பெண் அல்ல, மாப்பிள்ளை. அதை விளக்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

போவதற்கு முன் தேதி விஷயம் ஒன்று. ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது; அந்த நூற்றாண்டில் அது மற்ற ஐரோப்பாவைவிட 12 நாள் பின்தங்கும். அதனால் நிக்கோலஸ் இறந்தது ஏப்ரல் 12 என்று ஓரிடத்திலும் 24 என்று இன்னோரிடத்திலும் பார்ப்பீர்கள். இரண்டும் ஒரே நாள்தான். நான் எல்லாவற்றையும் புதிய கணக்கிலேயே தருகிறேன்.

டாக்மார் பிறந்தது 1847 நவம்பர் 26, கோபன்ஹேகனில், மஞ்சள் மாளிகை என்று அழைக்கப்படும் வீட்டில். மாளிகை என்ற பெயரைக் கேட்டுப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அமாலியெகாட என்ற தெருவில், கதவைத் திறந்தால் நேரே நடைபாதையில் கால் வைக்கும்படியான நகரத்து வீடு. இன்றும் இருக்கிறது, அரண்மனை நிர்வாக அலுவலகமாக. அப்பா கிறிஸ்டியன் அப்போது அரசரும் அல்ல, அரசரின் மகனும் அல்ல. க்ளூக்ஸ்பூர்க் என்ற சின்னக் கிளைக் குடும்பத்தில் பிறந்து, காவற்படை அதிகாரியாகச் சம்பளம் வாங்கியவர். அரச ரத்தத்துக்கு அதிக நெருக்கம் அம்மா லூயிஸுக்குத்தான். டென்மார்க் அரசர் ஏழாம் ஃப்ரெடெரிக்குக்குக் குழந்தை இல்லை; அவருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு 1852இல் லண்டனில் கூடிய வல்லரசுகள் கிறிஸ்டியன் பெயரைச் சொல்லி முடித்தன. அதற்கப்புறம் கோடைக்காலத்துக்கு பெர்ன்ஸ்டார்ஃப் என்ற நாட்டுப்புற மாளிகை கிடைத்தது. பணம் மட்டும் பெரிதாக வரவில்லை.

ஆக டாக்மார் வளர்ந்தது, பெயரில் இளவரசி, நடப்பில் நடுத்தரக் குடும்பம் என்ற நிலையில். மூத்தவள் அலெக்சாண்ட்ராவும் டாக்மாரும் மாடியில் மச்சு அறை ஒன்றைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். தங்கள் உடைகளில் பலவற்றைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு மேசையில் பரிமாறுவதும் உண்டு. பாட்டும் ஓவியமும் அம்மா கற்றுக்கொடுத்தது; உடற்பயிற்சி அப்பாவின் பொறுப்பு. அண்டர்சன் என்ற குழந்தைக் கதைக்காரர் அந்த வீட்டுக்கு வந்து போனவர். வீட்டில் டாக்மாருக்கு மின்னி என்று செல்லப்பெயர். அக்கா அழகி, மின்னிக்கு அந்த அழகு இல்லை என்று எல்லாரும் எழுதிவைத்திருக்கிறார்கள், ஆனால் பெரிய கரிய கண்களையும் துறுதுறுப்பையும் அதே மூச்சில் சொல்லாமல் யாரும் விடவில்லை. எனக்குப் பிடித்த விவரம் அந்த மச்சு அறைதான். அங்கே படுத்துத் தூங்கிய இருவரில் ஒருத்தி பிற்பாடு இங்கிலாந்து அரசி, அதாவது இந்தியப் பேரரசியும்கூட. நம் தாத்தாக்கள் காலத்து ரூபாய் நாணயத்தில் தலை காட்டும் ஏழாம் எட்வர்டின் மனைவி. இன்னொருத்தி ரஷ்யப் பேரரசி.

இந்த வீட்டின் தலையெழுத்து 1863 என்ற ஒரே ஆண்டில் மாறியது. மார்ச் 10 அன்று அலெக்சாண்ட்ராவுக்கும் விக்டோரியா மகாராணியின் மூத்த மகனுக்கும் விண்ட்சரில் கல்யாணம். அதே மாதக் கடைசியில், கடற்படையில் பயிற்சியில் இருந்த 17 வயது அண்ணன் வில்லெமை கிரேக்கர்கள் தங்கள் அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். நவம்பர் 15 அன்று ஏழாம் ஃப்ரெடெரிக் இறக்க, அப்பா ஒன்பதாம் கிறிஸ்டியனாக அரியணை ஏறினார். மகன் அப்பாவுக்கு முன்னால் அரசராகிவிட்டான் என்பது அந்த வீட்டில் நடந்த வேடிக்கை. நேற்று வரை துணி தைத்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பெண், ஐரோப்பாவின் கல்யாணச் சந்தையில் முதல் வரிசைக்கு வந்துவிட்டார்.

ஆனால் கிரீடத்தோடு போரும் வந்தது. டென்மார்க் அரசர் ஆண்ட ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளுக்காக 1864 பிப்ரவரியில் ஜெர்மானிய வல்லரசுகளான பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் டென்மார்க்கோடு மோதின. ஏப்ரலில் டென்மார்க்கின் டிப்பெல் அரண் விழுந்தது. அக்டோபர் முடிவில் வியன்னாவில் கையெழுத்தான உடன்படிக்கையில் அப்பா ஆண்ட நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. அந்த வயதில் இதைப் பார்த்த டாக்மார் சாகும்வரை பிரஷ்யாவை மன்னிக்கவில்லை. இது அவருடைய காதல் கதைக்குச் சம்பந்தமில்லாத அரசியல் மாதிரித் தெரியும். ஆனால் மாப்பிள்ளை வந்து இறங்கியதே இந்தப் போருக்கு நடுவில்தான்.

அந்த மாப்பிள்ளை நிக்கோலஸ் அலெக்சாண்ட்ரோவிச். பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரின் மூத்த மகன், வீட்டில் நிக்ஸா. 1843இல் பிறந்தவர். படிப்பாளி, மென்மையானவர், பேச்சில் கெட்டிக்காரர்; ஆசிரியர்களுக்கெல்லாம் அவர்மேல் பெரிய நம்பிக்கை. டாக்மாரின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, இன்னும் நேரில் காணாத இந்தப் பெண்மீதுதான் எனக்கு வெகு நாளாகக் காதல் என்று 1863இல் தன் அம்மாவுக்கு எழுதினார். இதைப் படிக்கும் யாருக்கும், படத்தைப் பார்த்துக் காதலா, பெரியவர்கள் முடிவு செய்ததற்குப் போட்ட முலாமா என்று சந்தேகம் வரும். எனக்கும் உண்டு. இரண்டு வீட்டிலும் பேச்சு முன்பே ஓடிக்கொண்டிருந்தது என்பது நிச்சயம். லூயிஸ் அரசி மகள்களைக் கட்டிக்கொடுப்பதில் சாதாரண ஆள் இல்லை. ஆனால் 1864 கோடையில் நிக்ஸா டென்மார்க் வந்து டாக்மாரை நேரில் பார்த்தபின் எழுதியவற்றில் தெரியும் சந்தோஷம், கடமைக்கு எழுதியதாகத் தோன்றவில்லை. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் பக்கம் தங்கியிருந்த பெற்றோரிடம் போய்ச் சம்மதம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். 1864 செப்டம்பர் 28 அன்று நிச்சயம் ஆனது. மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்க்கும் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் டாக்மார் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மதத்துக்கு மாற வேண்டும். அதற்காக யானிஷெவ் என்ற ரஷ்யப் பாதிரியாரிடம் பாடமும் தொடங்கியது.

நிச்சயம் ஆன கையோடு டாக்மார் செய்த ஒரு காரியத்தைப் பாருங்கள். வருங்கால மாமனார், அதாவது ரஷ்யப் பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜெர்மானியர்கள் என் அப்பாமீது சுமத்தியிருக்கும் கொடுமையான நிபந்தனைகளைத் தணிக்க உங்கள் செல்வாக்கைப் பயன்படுத்த வேண்டும் என்று அதில் கேட்டார். பலன் ஒன்றும் இல்லை. பிரஷ்ய அரசர் வில்ஹெல்ம் அந்த மாமனாருக்குச் சொந்தத் தாய்மாமன்; அவரை எதிர்த்து ரஷ்யா ஒரு விரலும் அசைக்கப்போவதில்லை. ஆனால் பதினேழு வயதுகூட நிரம்பாத ஒரு பெண், மோதிரம் மாற்றிய சூட்டில், பேரரசரிடம் நாட்டுக்காகக் கோரிக்கை வைக்கிறார். இவரைக் கை மாற்றிக் கொடுக்கப்பட்ட பொம்மையாக வரையும் கதைகளை நான் அவ்வளவாக நம்பாததற்கு இந்தக் கடிதம் ஒரு காரணம்.

அப்புறம் நிக்ஸா தெற்கே இத்தாலிக்குப் போனார். முதுகுவலி அதற்கு முன்பே இருந்தது. ஹாலந்துக் கடற்கரையில் கடல் குளியல் செய்து பார்த்தார், வலி கூடியதுதான் மிச்சம். ஃப்ளாரென்ஸில் படுக்கையில் விழுந்தார். வாதம் என்றார்கள் டாக்டர்கள். குளிருக்கு இதமாக இருக்கும் என்று, அம்மா தங்கியிருந்த நீஸ் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். உண்மையில் அது மூளையையும் தண்டுவடத்தையும் பிடித்த காசநோய். அந்தக் காலத்தில் கண்டுபிடித்திருந்தாலும் குணப்படுத்த வழி கிடையாது. குதிரையிலிருந்து விழுந்ததால் வந்தது, மல்யுத்தத்தில் அடிபட்டதால் வந்தது என்று இரண்டு மூன்று காரணங்கள் உலவுகின்றன. அடி பட்டிருக்கலாம். சாவுக்குக் காரணம் அடி என்று சொல்ல ஆதாரம் போதாது. 1865 ஏப்ரலில் நிலைமை திடீரென்று மோசமாகியது. அண்ணன்மீது உயிரையே வைத்திருந்த தம்பி அலெக்சாண்டர், வீட்டில் சாஷா, முதலில் வந்து சேர்ந்தார். பேரரசர் தனி ரயிலில் பெர்லின், பாரிஸ் வழியாக ஐரோப்பாவின் குறுக்கே விரைந்தார். டாக்மாரும் லூயிஸ் அரசியும் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பினார்கள். இரண்டு கூட்டமும் பிரான்சின் டிஜோன் நகரத்தில் சந்தித்து அங்கிருந்து ஒன்றாகப் பயணப்பட்டன. மகன் உயிரோடு இருப்பானா என்று தெரியாத மாமனாரும், மாப்பிள்ளை உயிரோடு இருப்பாரா என்று தெரியாத மருமகளும் கடைசி இரவு முழுதும் ஒரே ரயிலில் போனார்கள். நீஸ் வந்து சேர்ந்தது ஏப்ரல் 22. பெர்மோன் மாளிகையில் நிக்ஸா இறந்தது 24ஆம் தேதி அதிகாலை.

இனி உங்கள் முதல் கேள்வி. சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது இவ்வளவு: நிக்ஸாவுக்கு இடையிடையே நினைவு இருந்தது. டாக்மாரை அடையாளம் கண்டார். இவள் எவ்வளவு இனியவள் பாருங்கள் என்கிற மாதிரி அப்பாவிடம் சொன்னார். சாஷா நல்ல மனிதன் என்று தம்பியைப் பற்றியும் சொன்னார். டாக்மார் கட்டிலை விட்டு நகராமல் இருந்தார். இன்னொரு பக்கம் சாஷா. ஒருவர் கை நிக்ஸாவின் கையில், மற்றவர் கையும் நிக்ஸாவின் கையில் என்பது நம்பத்தக்க சித்திரம். சந்தேகமான பகுதி இதற்கு அப்புறம் தொடங்குகிறது. அந்த இரண்டு கைகளையும் வேண்டுமென்றே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாரா? வைத்துத் தம்பிக்குக் கட்டளை மாதிரி ஏதாவது சொன்னாரா? இங்கே வந்தால் விவரங்கள் ஆளுக்கு ஒன்றாகப் பிரிகின்றன. ஒன்றில் வாய் திறந்து சொல்கிறார், ஒன்றில் கைகளை மட்டும் சேர்க்கிறார், ஒன்றில் வெறுமனே இருவர் கையையும் பிடித்திருக்கிறார். கல்யாணம் முடிந்து, அரியணையும் ஏறியபின் சொல்லப்பட்ட வடிவங்களில்தான் காட்சி இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். முடிவு தெரிந்தபின் நினைவு தன்னைத் திருத்திக்கொள்ளும். பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. மூளைக்காய்ச்சலில் பிதற்றலும் தெளிவுமாக மாறி மாறிக் கிடந்த ஒருவர் இரண்டு கைகளைப் பற்றியதில், மிஞ்சியவர்கள் பிற்பாடு ஓர் ஆசீர்வாதத்தைப் படித்துக்கொண்டார்கள். அதை மீறி வாசகம் வாசகமாக எழுதும் எதையும் நான் கதை என்றே வைத்துக்கொள்கிறேன்.

இதற்கு ஒரு சின்ன சோதனையும் இருக்கிறது. அண்ணன் அப்படி வெளிப்படையாகக் கட்டளையிட்டிருந்தால், அண்ணனைத் தெய்வமாக நினைத்த சாஷா அடுத்த ஓராண்டு நடந்துகொண்ட விதம் பொருந்தவில்லை. அவர் மனத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார்: அம்மாவின் அரண்மனைத் தோழிகளில் ஒருவரான மரியா மெஷ்செர்ஸ்கயா. ஆனாலும் 1865 கோடையில் சாஷா தன் நாட்குறிப்பில் டாக்மாரைப் பற்றி நிறைய யோசிக்கிறார். அவரோடு கல்யாணம் நடந்தால் வாழ்நாள் முழுதும் சந்தோஷமாக இருக்கும், கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று பிரார்த்திக்கிறார். அண்ணன் இடம் தன்மேல் விழுந்ததை ஏற்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் தவிக்கும் இருபது வயது இளைஞர் அவர். ஆள் ஆறடிக்கு மேல், இரும்பை வளைக்கும் பலசாலி. ஆனால் அரசாட்சிக்குத் தயார் செய்யப்பட்டவர் அல்ல. 1866 வசந்தத்தில் பழைய காதல் திரும்ப ஓங்கியது. மே மாதம் அப்பாவிடம் நேராகவே சொன்னார்: டென்மார்க் போக மாட்டேன், டாக்மாரைக் கட்ட மாட்டேன், அரியணையும் வேண்டாம். ஒரு மாதத்துக்கு முன்புதான் காரகோசோவ் என்பவன் பேரரசரைக் குறிவைத்துப் பட்டப்பகலில் துப்பாக்கியால் சுட்டிருந்தான், குண்டு படவில்லை. அரண்மனையே கலங்கிக் கிடந்த நேரம். அப்பாவின் கோபம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். நான் மட்டும் ஆசைப்பட்டா இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்ற பொருளில் சீறிவிட்டு, டென்மார்க் போக வேண்டும், இது உத்தரவு என்று முடித்துவிட்டார். மெஷ்செர்ஸ்கயாவை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அவர் மறு ஆண்டு தெமிதோவ் என்ற பெரும் செல்வந்தரை மணந்து, 1868இல் பிரசவத்தில் இறந்துபோனார். இந்தக் கதையில் யாருக்காவது அநியாயம் நடந்தது என்றால், அதிகம் பேசப்படாத இந்தப் பெண்ணுக்குத்தான் என்பது என் எண்ணம்.

டென்மார்க் பக்கம் அப்போது என்ன நடந்தது? நிக்ஸா இறந்ததும் பேரரசர் டாக்மாருக்கு எழுதினார், நீ எப்போதும் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி என்று. அந்த வரியில் பாசமும் இருந்தது, கணக்கும் இருந்தது. இரண்டையும் பிரிக்க முயல்வது வீண். ரஷ்யப் பெற்றோர் டாக்மாரை உண்மையிலேயே நேசித்தார்கள், அவர்களுக்கு வாரிசுக்கு ஒரு மனைவியும் வேண்டியிருந்தது. லூயிஸ் அரசிக்கு விருப்பம் இல்லாமல் இல்லை. ஆனால் அவசரப்படவில்லை, பெண் துக்கத்தில் இருக்கிறாள், சற்றுக் காலம் போகட்டும் என்ற தொனியில்தான் டென்மார்க்கின் பதில்கள் இருந்தன. எப்படியாவது பேரரசி ஆனால் போதும் என்று அலைகிற பெண் என உலகம் பேசிவிடக் கூடாது என்ற கவலையும் நியாயமாக இருந்தது. டாக்மாரின் நிலையை யோசித்துப் பாருங்கள். மதம் மாறப் பாடம் படித்தாயிற்று. நிக்ஸாவின் அம்மாவோடும் அப்பாவோடும் உறவாகிவிட்டது. நிக்ஸாவைப் பற்றித் தன்னளவு துக்கத்தோடு பேசக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார், அவர் சாஷா.

1866 ஜூன் நடுவில் சாஷா கப்பலில் கோபன்ஹேகன் வந்து இறங்கினார். அதே வாரம் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் மூண்டது; ஐரோப்பாவின் கவனமெல்லாம் அங்கே. இவர்கள் ஃப்ரெடென்ஸ்போர் அரண்மனையில் விருந்தும் உலாவலுமாக இருந்தார்கள், நடுவில் பேசப்படாத ஒரு பேச்சோடு. வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் சாஷா, மின்னியை என்னால் நேசிக்க முடியும் என்று தெரிகிறது, அவளுக்கு என்னைப் பிடிக்குமா என்றுதான் தெரியவில்லை என்கிற பாணியில் புலம்புகிறார். வரும்போது இருந்த மனம் ஒரு வாரத்தில் இவ்வளவு மாறியிருக்கிறது.

ஜூன் 23 அன்று நடந்ததை அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார், வெட்கப்படாமல், விவரமாக. டாக்மார் தன் அறையைக் காட்ட அழைத்துப் போகிறார். அங்கே நிக்ஸாவின் படங்கள் உள்ள ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். படங்களைப் பார்ப்பதாகப் பேர். சாஷாவின் மனமெல்லாம் எப்படிக் கேட்பது என்பதிலேயே இருக்கிறது. கடைசியில் தைரியம் வந்து, அரசர் உங்களிடம் என்னைப் பற்றிப் பேசினாரா என்று ஆரம்பிக்கிறார். எதைப் பற்றி என்கிறார் டாக்மார். உங்கள் கையைக் கேட்டதைப் பற்றி என்று சொன்னதும் டாக்மார் பாய்ந்து கட்டிக்கொள்கிறார். சாஷா சோபாவின் ஓரத்தில் உட்கார்கிறார், டாக்மார் அதன் கைப்பிடிமேல். என் அருமை அண்ணனுக்குப் பிறகு உங்களால் இன்னொருவரை நேசிக்க முடியுமா என்று சாஷா கேட்கிறார். அவருடைய அருமைத் தம்பியைத் தவிர வேறு யாரையும் முடியாது என்று பதில் வருகிறது. இருவரும் அழுகிறார்கள். அப்புறம் பேசியது முழுக்க நிக்ஸாவைப் பற்றி, நீஸில் கழிந்த கடைசி நாட்களைப் பற்றி.

இந்தப் பக்கத்தை மாணவர்களுக்குச் சொல்லும்போது இரண்டு எதிர்வினைகள் வரும். பாதிப் பேருக்கு உருக்கமாக இருக்கும், பாதிப் பேருக்குச் சங்கடமாக இருக்கும். செத்தவரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டா சம்பந்தம் பேசுவார்கள் என்பார்கள். எனக்கு அதில்தான் நம்பகத்தன்மை தெரிகிறது. அரண்மனை எழுத்தர் ஒருவர் புனைந்திருந்தால் ஆல்பத்தை விட்டுவிட்டு ரோஜாத் தோட்டத்தில் வைத்திருப்பார். இன்னொன்று, நீஸில் அண்ணன் கையைப் பிடித்துக்கொடுத்து உத்தரவு போட்டிருந்தால், இந்த நேரத்தில் அதைச் சொல்லாமல் இருப்பார்களா? அண்ணனுக்குப் பிறகு முடியுமா என்று பயந்து பயந்து கேட்க வேண்டிய தேவையே இருக்காது. அண்ணன் இதைத்தான் விரும்பினார் என்று சொன்னால் போதும். அண்ணனின் ஆசி தங்கள்மேல் இருக்கிறது என்ற நம்பிக்கை இருவருக்கும் இருந்தது. அது வேறு விஷயம்.

ஆகவே பெண்ணைக் கேட்டார்களா என்றால், ஆம், ஓர் இளைஞர் நடுங்கிக்கொண்டு நேரடியாகக் கேட்டார், பெண் வாய் திறந்து பதில் சொன்னார். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அறையில் இருந்தது இருவர், எழுதிவைத்தது ஒருவர். டாக்மார் அன்றிரவு தனக்குள் என்ன நினைத்தார் என்பதை சாஷாவின் பேனா சொல்ல முடியாது. முடியாது என்று டாக்மார் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் ஊகம்தான். பெரிய நிர்ப்பந்தம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்; ஆனால் போரில் தோற்று, நாட்டின் பெரும் பகுதியை இழந்த அப்பாவுக்கு ரஷ்ய உறவு எவ்வளவு பெரிய துணை என்பது அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாமனாருக்குக் கடிதம் எழுதிய பெண் அல்லவா. விருப்பமும் கடமையும் ஒரே பக்கம் சாய்ந்தபோது, இதில் எது எவ்வளவு என்று வெளியிலிருந்து அளக்க வழியில்லை.

இது அந்தக் குடும்பத்தில் கடைசி முறையும் அல்ல. டாக்மாரின் அக்கா அலெக்சாண்ட்ராவின் மூத்த மகன் ஆல்பர்ட் விக்டருக்கு 1891 டிசம்பரில் மேரி என்ற பெண்ணோடு நிச்சயம் ஆனது. ஆறு வாரத்தில், 1892 ஜனவரி 14 அன்று, அவர் காய்ச்சலில் இறந்தார். 1893 ஜூலையில் மேரி அவருடைய தம்பி ஜார்ஜை மணந்தார். பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜும் மேரி அரசியும் ஆனவர்கள் இவர்கள்தான். தங்கை வாழ்க்கையில் இதே ஏற்பாடு நன்றாக அமைந்ததை அலெக்சாண்ட்ரா கண்ணால் பார்த்திருந்தார் என்பது அந்த வீட்டில் தயக்கத்தைக் குறைத்திருக்கும். இது என் ஊகம், ஆவணத்தில் இருப்பது அல்ல.

1866 செப்டம்பரில் டாக்மார் கப்பலேறினார். வழியனுப்ப வந்த கூட்டத்தில் அண்டர்சனும் நின்றார். கடந்து போகும்போது டாக்மார் நின்று அவர் கையைப் பற்றினார் என்றும், தன் கண்கள் நிறைந்துவிட்டன என்றும், தெரியாத நாட்டுக்கு, வேறு மதத்துக்கு, அறிந்தவர் ஒருவரும் இல்லாத இடத்துக்குப் போகும் இந்தப் பிள்ளைமேல் கடவுள் இரங்க வேண்டும் என்றும் நாட்குறிப்பில் எழுதினார். அக்டோபரில் டாக்மார் மதம் மாறி மரியா ஃபியோதொரோவ்னா ஆனார். நவம்பர் 9 அன்று பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையின் தேவாலயத்தில் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர்கள் வரவில்லை; அந்தச் செலவு அவர்களுக்குத் தாங்காது என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அண்ணன் ஃப்ரெடெரிக் வந்தார், அக்கா கணவர் இங்கிலாந்திலிருந்து வந்தார். தாம்பத்தியம் நன்றாகவே அமைந்தது. ஆறு பிள்ளைகள். ரஷ்ய அரச குடும்பமான ரோமனோவ் வம்சத்து ஆண்கள் பலரைப் போல சாஷா வேறு பெண்களைத் தேடிப் போனவரும் அல்ல.

கடைசியாக, பெயர் விஷயம். மூத்த மகன் பிறந்தது 1868 மே 18; நிக்கோலஸ் என்று பெயர் வைத்தார்கள். ரஷ்யாவின் கடைசிப் பேரரசர் இவர்தான். நிக்ஸாவின் நினைவு அந்தப் பெயரில் இருந்தது என்பதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஆனால் காதலன் பெயரைக் கணவனின் பிள்ளைக்கு ரகசியமாக வைத்தார் என்று நீங்கள் படித்த வடிவம் சரியல்ல. சாஷாவின் தாத்தாவும் நிக்கோலஸ், பேரரசர் முதலாம் நிக்கோலஸ். அவர் பெயரைத்தான் நிக்ஸாவுக்கே வைத்திருந்தார்கள். தாத்தா பெயரும் அண்ணன் பெயரும் ஒன்றாக இருக்கும்போது அந்தக் குடும்பத்தில் வேறு பெயர் வைத்திருந்தால்தான் காரணம் தேட வேண்டும். அந்தப் பெயர் வேண்டும் என்பதில் டாக்மாரைவிட சாஷாவுக்குத்தான் அதிகப் பிடிவாதம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அண்ணனை இழந்ததில் அவர் அடைந்த அடி, நாட்குறிப்பில் ஒவ்வோர் ஏப்ரலிலும் திரும்பத் திரும்ப வருகிறது.